ஐந்தாவது பலகை

சுரங்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் பொறியாளன் குச்சியக்காவை முதன்முதலில் சந்தித்தது மூன்றாம் குட்டையின் மிதவைமேல். சந்தித்தான் என்று சொல்வது மரியாதைக்கு. உள்ளபடி சொன்னால் அவளிடம் மாட்டிக்கொண்டான். நான்கு காலி டிரம்களைக் கட்டி மேலே பலகை அடித்த மிதவை அது. அவன் அதில் ஒரு காலை வைத்ததுமே, சின்னப் படகில் உட்கார்ந்திருந்த அவள் குரல் கொடுத்தாள்.

"அட்டை இருக்கா?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினான். அவள் துடுப்பைப் போட்டுக் கிட்டே வந்து அட்டையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இதுல மீசை இருக்கு."

"எடுத்துட்டேன்க்கா."

"எதுக்கு எடுத்தீங்க?"

மீசையை எடுத்ததற்குக் காரணம் கேட்ட முதல் ஆள் அவள்தான். தேர்வு அறையில் தெரியாத கேள்வி வந்தவனைப்போல விழித்தான். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மடியில் இருந்த நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். 'திங்கள், காலை ஒன்பதே கால். புது ஆள். மீசை இல்லை.' இதை அவன் பின்னால் ஒருநாள் அந்த நோட்டிலேயே படித்தான்.

குச்சியக்காவுக்கு நாற்பத்தொரு வயது. எதையும் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புவது அவள் ரத்தத்திலேயே கிடையாது. காஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவரைக் காக்க வைத்து எடை போட்டுப் பார்ப்பாள். தையல்காரரிடம் துணி கொடுத்தால் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, வெட்டிய துண்டுகளோடு சேர்த்துத் தரையில் பரப்பிப் பார்ப்பாள். ரேடியோவில் இத்தனை மில்லிமீட்டர் மழை என்று சொன்னால், "அவங்க ஊர்ல பெஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு மாடியில் வைத்த தகர டப்பாவில் அளவுகோலை விட்டுப் பார்ப்பாள். வீட்டுக்காரர் அதே சுரங்கத்தில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற டேங்கர் ஓட்டுகிறவர். அவர் சம்பாத்தியத்தைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு துருவியதில்லை. அவர் போட்டுக்கொண்டு வரும் உடையைத்தான் துருவுவாள். எந்தத் தெருப் புழுதி, எந்த மரத்துப் பிசின் என்று துவைக்குமுன்பே தெரிந்தாக வேண்டும்.

இப்படிப்பட்டவளுக்குச் சுரங்கத்தில் பொருத்தமாகவே ஒரு வேலை வாய்த்திருந்தது.

அது பூமிக்குள் குடைந்து போகிற சுரங்கம் அல்ல. திறந்த வெளியில் மேல்மண்ணை அள்ளி அள்ளி மலைபோலக் குவித்துவிட்டு அடியில் இருப்பதை எடுக்கிறார்கள். மழை பெய்தால் அந்த மண்மேடு கரைந்து ஓடும். அப்படியே விட்டால் கீழே இருக்கிற ஓடை சேறாகிவிடும். அதனால் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, கலங்கல் தண்ணீர் முழுவதையும் குட்டைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நின்ற தண்ணீரில் மண் அடியில் படியும். மேலே தெளிந்தது மட்டும் மறுகோடியில் இருக்கும் கலிங்கு வழியாக வழிந்து ஓடைக்குப் போகும். படிந்த வண்டல் ஓர் அளவுக்குமேல் ஏறிவிட்டால் குட்டையைத் தூர்வார வேண்டும். ஏறியதா, எவ்வளவு ஏறியது என்று சொல்வதுதான் அவள் வேலை.

அதற்குக் கருவி ஒரு மூன்று மீட்டர் அலுமினியக் குச்சி. அடியில் தட்டுபோல ஒரு தகடு. படகில் போய் ஏழு இடத்தில் குச்சியை இறக்குவாள். தகடு வண்டல்மேல் உட்கார்ந்ததும் கை தானாக நின்றுவிடும். தண்ணீர்மட்டம் குச்சியில் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் ஆழம். சுரங்கக் குழியில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இந்தக் குட்டைக்குத்தான் இறைக்கிறார்கள் என்பதால், வெயில் காலமோ மழைக் காலமோ, குட்டை எப்போதும் கலிங்குமட்டம் நிரம்பியே இருக்கும். ஆழம் குறைந்தால் வண்டல் ஏறியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதை அளந்து, அட்டை போட்ட நீள நோட்டில் எழுதுவாள். பதினெட்டு வருடத்தில் பதினோரு நோட்டு.

இந்த வேலைக்கு அவள் வந்த விதமும் சந்தேகத்தால்தான். வாய்க்காலுக்குக் கல் பதிக்கிற கூட்டத்தில் தலைச்சுமையாகக் கல் சுமந்துகொண்டிருந்தாள். ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு, "இந்த வாய்க்கால் மேல பாத்து ஓடுது" என்றாள். மேஸ்திரி சிரித்தார். கல் சுமக்கிற பொண்ணுக்கு மட்டம் தெரியுமா என்றார். அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை வாய்க்காலில் கவிழ்த்தாள். தண்ணீர் அவர் செருப்பை நோக்கி, அதாவது வரக்கூடாத பக்கம் நோக்கி, நிதானமாக வந்து சேர்ந்தது. அன்று அங்கே நின்றிருந்த சர்வேயர் அடுத்த வாரமே குச்சியை அவள் கையில் கொடுத்தார். கைநாட்டு வைக்கிற அப்பாவின் மகள், பத்தாவதோடு நின்றவள், அன்றிலிருந்து தன் பெயரில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். வீட்டில் கைக்குழந்தையைக்கூட மற்றவர் தூக்க விட்டிருக்கிறாள்; நோட்டை விட்டதில்லை.

அந்த நோட்டின்மேல்தான் புதுப் பொறியாளன் கை வைத்தான்.

அவனுக்குக் கொடுத்திருந்த வேலை, விரிவாகும் மண்மேட்டுக்கு நான்காவதாக ஒரு குட்டையும் அதற்கு வரும் வாய்க்கால்களும் வடிவமைப்பது. எவ்வளவு மண் வரும் என்று தெரிந்தால்தான் குட்டை எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியும். மூன்றாம் குட்டையின் நோட்டுகளை வாங்கி இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அதைச் சொல்லாமல் அவனால் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச முடியாது. தன் கணக்கு தப்பாகுமென்று ஒருபோதும் நினைக்காதவன். புதன்கிழமை அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம்."

சந்தேகம் என்பது அந்தச் சுரங்கத்தில் அவளுடைய சொத்து. வேறு ஒருவர் அதை எடுத்து அவளுக்கு முன்னாலேயே நீட்டுவது புதுசாக இருந்தது.

"சொல்லுங்க சார்."

"மூணு வருஷம் முன்னாடி ஆழம் இருநூத்திப் பத்து சென்டி. இப்ப இருநூத்தி ரெண்டு. மூணு வருஷத்துல எட்டே எட்டு சென்டி வண்டல்தான் ஏறியிருக்கு."

"ஆமா."

"இந்த மூணு வருஷத்துல மண்மேடு ரெண்டு மடங்கு ஆயிருக்கு. என் கணக்குப்படி ஒரு மீட்டர் ஏறியிருக்கணும்."

"ஏறலைன்னா நான் என்ன சார் பண்றது? கூடையில அள்ளிட்டுப் போய்க் கொட்டவா?"

"ஏறாம இருக்க வழியே இல்லக்கா."

"என் வாய்க்கால் மண்ணை விடாது." அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். "மூணு வருஷம் முன்னாடி அந்தப் பெரிய வாய்க்காலை நான் பக்கத்துல நின்னு கல் பதிக்க வெச்சேன். பத்தடிக்கு ஒரு கல் தடுப்பு. வேகமா வர்ற தண்ணியக் காலைப் பிடிச்சு உக்கார வைக்கும். மண்ணு அங்கேயே நின்னுடும். நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தடுப்பெல்லாம் நிரம்பி வழியுது. அதுக்குமேல அது பிடிக்காது." அவன் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினான். "ஒன்னு, மேடு கரையல. இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"நோட்டு வீட்ல உக்காந்து எழுதினது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவனுக்கே தெரிந்தது. அவள் எழுந்து, மேசைமேல் இருந்த பதினோரு நோட்டையும் எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது.

"அறிக்கை எப்ப?"

"அடுத்த வெள்ளிக்கிழமை."

"அதுல என்ன எழுதுவீங்க?"

"இந்த அளவையெல்லாம் நம்ப முடியாதுன்னு எழுதணும். வேற வழியில்ல."

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. குச்சி பிடுங்கப்படும். மாதக் கடைசியில் அவள் வீட்டில் இருப்பாள். போனவள் பொய்க் கணக்கு எழுதியவள் என்று பெயர் நிற்கும். தானாக ஆழம் காட்டுகிற கருவி விற்க வந்த ஆள் போன மாதம் மேனேஜர் அறையில் ஒரு மணி நேரம் இருந்தது அவள் நினைவுக்கு வந்தது. இவன் அந்த ஆளோடு சேர்ந்தவனாக இருக்கலாம். மீசையை வேறு எடுத்திருக்கிறான்.

"நாளைக்குக் காலையில வாங்க. என்கூட படகுல ஏறி நீங்களே அளங்க" என்றாள்.

வியாழக்கிழமை வந்தான். தண்ணீர் என்றால் அவனுக்குக் கொஞ்சம் உதறல் என்பது படகில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அளப்பதற்குக் கை மிச்சமில்லை.

"படகைப் பிடிச்சா படகு மிதக்குமா சார்? அது தானாத்தான் மிதக்குது. குச்சியப் பிடிங்க."

ஏழு இடத்திலும் அவனே குச்சியை இறக்கினான், அவனே படித்தான். இருநூற்று ஒன்று, இருநூற்று இரண்டு, இருநூற்று மூன்று. சராசரி இருநூற்று இரண்டு. கரைக்கு வந்ததும் பையிலிருந்து டேப்பை எடுத்துக் குச்சியை அளந்தான். தகட்டையும் அளந்தான். குச்சியில் குற்றமில்லை.

"அந்த டேப் எங்க வாங்கினது?" என்று கேட்டாள் அவள்.

"ஏன்?"

"டேப்லயும் போலி வருது."

அவன் முறைத்தான். பிறகு வரைபடத்தை விரித்தான். குட்டையின் கரை உச்சி, அதற்கு நூற்று முப்பது சென்டி கீழே கலிங்குமட்டம், அதற்குக் கீழே தரை. எல்லாம் அச்சுப்போலப் போட்டிருந்தது. இப்போதைய ஆழம் இருநூற்று இரண்டு. வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால் அந்த எட்டு சென்டிக்குமேல் வண்டல் ஏறவே இல்லை. குச்சி சரி, அவள் அளந்தது சரி, கணக்கும் சரி. ஆனால் மூன்றும் சேரவில்லை. இப்போது அவன் சந்தேகம் மேனேஜர்மேல் திரும்பியது. மண் வராது என்றால் நான்காம் குட்டையைச் சின்னதாக வெட்டிச் செலவை மிச்சம் பிடிக்கலாம். யாருக்குத் தெரியும், அவரே யாருக்கும் தெரியாமல் வண்டலை அள்ளி எங்கேயாவது கொட்டியிருக்கலாம். அவளுக்கோ அவன் கணக்கின்மேல் சந்தேகம். இரண்டு பேரும் ஒரே குட்டைக்கரையில் நின்று ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அவர்கள் கண் முன்னால்தான் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன்மேல் இரண்டு பேருக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டில் இன்னொரு பக்கம் புகைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரரின் காக்கிப் பேன்ட் சில நாள் தொடைவரை நனைந்து வந்தது. கேட்டால், "டேங்கர் கழுவினேன்" என்பார். டேங்கர் கழுவினால் முன்பக்கம்தான் நனையும், பின்பக்கம் எப்படி நனையும் என்று அவள் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் மடித்து வைத்திருந்த பழைய சாக்குகளில் ஏழு குறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பரணைத் துடைக்க ஏறியவள், அங்கே போட்டிருந்த பலகை ஒன்று இல்லாததைக் கண்டாள். அது அவளே அளந்து அறுக்கச் சொன்ன பலகை. ஓரத்தில் நீல மையில் எழுதிய அளவு அவள் கையெழுத்து.

"பரண்ல பலகை காணோமே."

"கரையான் அரிச்சிருந்தது. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அவர், செய்தித்தாளில் இருந்து தலை எடுக்காமல்.

"எங்க போட்டீங்க?"

"எங்கயோ போட்டேன். பலகைக்குக்கூட வாக்குமூலம் கொடுக்கணுமா?"

சாக்கு, பலகை, நனைந்த கால். இதை எல்லாம் ஒரு ஆண் எடுத்துக்கொண்டு போகிறான் என்றால், எங்கேயோ ஒரு ஒழுகும் கூரையை அடைக்கிறான் என்று அர்த்தம். யார் வீட்டுக் கூரை? குட்டையின் மறுகோடியில், டேங்கர்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பம்ப் அறை. அதைப் பார்த்துக்கொள்கிறவள் தனியாக இருக்கிறவள், நன்றாகச் சிரிப்பாள். போன வாரம்கூட, "அண்ணன் மத்தியானம் ஆனா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டுக் கோரைப்புதர் பக்கம் போயிடறாரு. அங்க யாரு காத்திருக்காங்களோ" என்று குச்சியக்காவிடமே கேலி பேசினாள். திருடுகிறவள்தான் முதலில் சத்தம் போடுவாள் என்று அப்போதே மனசில் குறித்து வைத்தாயிற்று.

திங்கட்கிழமை. அளவு எடுக்கிற நாள். காலையிலேயே ஏழு இடமும் அளந்து எழுதிவிட்டு, மதியச் சங்கு ஊதியதும் பம்ப் அறையை நோக்கி நடந்தாள். அந்தப் பக்கம் அவள் வழக்கமாகப் போவதில்லை. அது டேங்கர்களின் இடம். நடுவில் கம்பி வேலி, அதற்கு அப்பால் ஆள் உயரக் கோரை. பம்ப் அறை வாசலில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அண்ணனைத் தேடியா? அந்தப் பக்கம்" என்று எச்சில் கையாலேயே காட்டினாள்.

அவள் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. குச்சியக்காவுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. கோரையை விலக்கிக்கொண்டு போனாள்.

கலிங்கில் தொடையளவு தண்ணீரில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் பரண் பலகை. கலிங்கின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் அதைப் பொருத்தித் தட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே ஏற்கெனவே நான்கு பலகை, ஒன்றன்மேல் ஒன்றாக, சந்துகளில் களிமண் அடைத்த சாக்கு. தண்ணீர் நான்காவது பலகையின் தலைக்குமேல் மெல்லிசாக வழிந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு பெண் யாரும் இல்லை.

"என்னங்க இது?"

அவர் துள்ளியதில் பலகை நழுவியது. "பலகை."

"அது தெரியுது. நம்ம வீட்டுப் பலகை. என் கையெழுத்து இருக்கு. இங்க என்ன பண்ணுது?"

"கத்தாதம்மா. ஒன்னும் இல்ல. டேங்கர் குழாய் சேத்தை உறிஞ்சுது. ரோட்டுக்குத் தண்ணி தெளிக்கற குழாயெல்லாம் அடைச்சுக்குது. சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசறான். ஒரு பலகை போட்டா தண்ணி ஏறும், குழாயக் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டலாம், தெளிஞ்ச தண்ணி வரும். அவ்ளோதான்."

"எத்தனை வருஷமா?"

"இருக்கும், மூணு. சேறு ஏற ஏற ஒன்னொன்னா."

சேறு ஏற ஏற. அவள் கரைச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேறு ஏறியிருக்கிறது. அது எவ்வளவு ஏறியதோ அவ்வளவுக்குத் தண்ணீரையும் இவர் ஏற்றியிருக்கிறார். குழாய்க்கு எப்போதும் அதே ஆழம் வேண்டும். அதே ஆழத்தைத்தான் அவள் திங்கள்தோறும் அளந்து, என் வாய்க்கால் மண்ணை விடாது என்று மார் தட்டிக்கொண்டிருந்தாள். படகிலிருந்து அளப்பவளுக்குத் தண்ணீர் ஏறியது எப்படித் தெரியும்? படகும் ஏறியது, மிதவையும் ஏறியது.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ ஆயிரம் கேள்வி கேப்பே."

 ஒரே குட்டையில் இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள். வீட்டில் உட்கார்ந்து இந்தக் குட்டையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவர் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அது விசாரணையாக முடியும் என்பதால் அவர் பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

நோட்டை நம்ப முடியாது என்று வெள்ளிக்கிழமை அறிக்கை போகப்போகிற விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறியது. "இப்பவே எல்லாத்தையும் பிடுங்கிடறேன். யாருக்கும் தெரியாது."

"பிடுங்கினா?"

"தண்ணி பழைய மட்டத்துக்கு வந்துடும்."

"வந்தா, அடுத்த திங்கக்கிழமை என் குச்சி ஒரு மீட்டர் கொறைச்சுக் காட்டும். ஒரே வாரத்துல ஒரு மீட்டர் சேறு. அந்தப் பையன் என்ன சொல்வான்? இத்தனை வருஷமும் பொய் எழுதினவ, மாட்டிக்கிட்டதும் உண்மைய எழுதிட்டாள்னு சொல்வான்." அவள் கலிங்கைப் பார்த்தாள். "அதோட, மொத்தமாப் பிடுங்கினா சேறும் சேந்து ஓடைக்குப் போயிடும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? சொன்னா என் வேலை போயிடும்."

"சொல்லலைன்னா என் வேலை போயிடும்."

 அவர் தண்ணீரில், அவள் கரையில். வேறு பெண்ணாக இருந்திருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். வரும் வழியிலேயே நான்கு கேள்வி தயார் செய்து வைத்திருந்தாள். பலகைக்கு எதுவும் தயாராக இல்லை. எழுந்து கரை உச்சியைப் பார்த்தாள். தண்ணீருக்கும் உச்சிக்கும் நடுவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. மழை பத்து நாளில் தொடங்கிவிடும். கரைக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம், குடியிருப்பின் தகரக் கூரைகள் வெயிலில் மினுங்கின. ஆறாவது கூரை அவர்களுடையது.

"அந்தப் பலகையை வெளிய எடுங்க" என்றாள். "மத்ததத் தொடாதீங்க."

பொறியாளன் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு மட்டம் பாக்கணும். கருவியத் தூக்கிட்டு வாங்க. எதுக்குன்னு இப்பக் கேக்காதீங்க."

அவனுக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் வந்தான். கரை உச்சியில் முக்காலியை நிறுத்தி, கண்ணாடி வழியாக அவள் தண்ணீர் விளிம்பில் பிடித்த அளவுகோலைப் படித்தான். திரும்பப் படித்தான். கருவியைச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தான்.

"நாப்பத்திரண்டு."

"படத்துல எவ்வளவு?"

"நூத்தி முப்பது." அவன் குரல் இறங்கியிருந்தது. "தண்ணி எண்பத்தெட்டு சென்டி மேல இருக்கு."

"எழுதுங்க. தேதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம்தான் சொல்லுவேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களுக்கு என்மேல இருக்கா?"

அவன் எழுதினான், கையெழுத்துப் போட்டான். அவள் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டுக் கோரையைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இதப் போட்டது என் வீட்டுக்காரர்" என்றாள்.

எட்டும் எண்பத்தெட்டும் தொண்ணூற்றாறு. அவன் கணக்கு சொன்ன ஒரு மீட்டருக்கு நான்கு சென்டிதான் குறைவு. அவனுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணமே கரை உச்சியைத் திரும்பிப் பார்த்தான். கனமழை ஒன்று கொட்டினால் இந்தக் குட்டையில் தண்ணீர் எழுபது சென்டி ஏறும் என்று அவனே போட்டு வைத்திருந்தான். மிச்சம் இருப்பது நாற்பத்திரண்டு. கரைமேல் ஏறி ஓடும், மண்கரை அறுந்துவிடும். வந்த முதல் நாளே தண்ணீர் மட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அச்சடித்த வரைபடத்தைப் பார்த்ததோடு சரி. இதை அவன் வெளியே சொல்லவில்லை. வெளியே சொன்னது வேறு.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியாதுன்னு நான் எப்படிக்கா நம்பறது?"

"நம்பாதீங்க" என்றாள். "நான் உங்க இடத்துல இருந்தா நம்ப மாட்டேன்."

மேனேஜர் அவ்வளவுகூட யோசிக்கவில்லை. "புருஷன் ஏத்த, பொண்டாட்டி எழுத. நல்ல குடும்பம்!" என்றார். வீட்டுக்காரரை அன்றைக்கே டேங்கரிலிருந்து இறக்கினார்கள். அவளை வெள்ளிக்கிழமை அறிக்கை வரும்வரை குச்சியைத் தொடக்கூடாது என்றார்கள். குச்சியை வாங்கி அலுவலக மூலையில் சாத்தி வைத்தார்கள்.

பலகையை நாளைக்கு ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சேறு கிளம்பிவிடும் என்று பொறியாளன் எழுதிக் கொடுத்தான். செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று. குச்சி இல்லாமல் அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புதன் சாயங்காலம் அவன் அவளைத் தேடிக்கொண்டு அரை ஓட்டமாக வந்தான். கையில் ஒன்பதாவது நோட்டும் பத்தாவது நோட்டும்.

"அக்கா, இது என்ன? ஓரத்துல எழுதியிருக்கீங்க. 'மிதவை முளை ஒரு மீட்டர் மேலே நட்டேன். கரை சேறு. பழையது வரலை, விட்டுட்டேன்.' ஒன்னரை வருஷம் கழிச்சு மறுபடியும் அதே. 'முளை ஒரு மீட்டர் மேலே.'"

அவளுக்கு மறந்தே போயிருந்தது. மிதவையைக் கட்டும் மரமுளையைச் சுற்றிச் சேறாகிவிட்டது என்று இரண்டு தடவை மேலே மாற்றி நட்டாள். தண்ணீர் ஏறுகிறது என்று தோன்றவே இல்லை. கரைதான் இளகுகிறது என்று கரைமேல் சந்தேகப்பட்டாள். கரைக்கு மண் கொட்டியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு மாதம் திட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று எழுதியும் வைத்தாள்.

"ரெண்டு வாட்டி, சரிவுல ரெண்டு மீட்டர்" என்றான் அவன். தரையில் குந்தி, மண்ணில் ஒரு முக்கோணம் போட்டான். "கரை ரெண்டடிக்கு ஓரடி ஏறுது. நிமிர்ந்து பாத்தா எண்பத்தொன்பது சென்டி. பலகை எண்பத்தெட்டு."

"நேத்து ராத்திரி நான் இதை எழுதிச் சேத்திருக்கலாம்ல?" என்று கேட்டாள் அவள். கேலியா நிஜமா என்று அவனுக்குப் புரியவில்லை. "நோட்டு உங்ககிட்ட இருந்தாலும், நான் மை வாங்கிட்டு ஜன்னல் வழியா வந்து எழுதியிருக்கலாம். மேனேஜர் அப்படித்தான் கேப்பாரு. வாங்க."

மிதவைப் பக்கம் நடந்தார்கள். இரண்டு பலகை இறங்கிய தண்ணீருக்குமேல், இப்போதைய முளைக்கு ஒரு மீட்டர் கீழே, பாசி பிடித்த கட்டை ஒன்று தலை நீட்டியிருந்தது. அதில் அழுகிய நீலக் கயிறு. ஒற்றை முடிச்சை நம்பாமல் அவள் போடும் இரட்டை முடிச்சு, அதற்குமேல் சுற்றிய கம்பி. அவன் டேப்பை எடுத்தான். இந்தத் தடவை டேப் எங்கே வாங்கினது என்று அவள் கேட்கவில்லை. மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான்காவது பலகை எடுத்தபோது மேனேஜரையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பதினோரு மணி சுமாருக்கு இன்னும் ஒரு மீட்டர் கீழே இரண்டாவது கட்டை எழும்பியது. அதே கயிறு, அதே முடிச்சு, அதே கம்பி. மேனேஜர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். மூன்று வருடம் தண்ணீருக்குள் இருந்த கட்டையைத் திங்கட்கிழமைக்குப் பிறகு யாரும் நட முடியாது. குச்சியை அலுவலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னார். பொறியாளனே போய் எடுத்து வந்தான்.

அவள் படகில் ஏறி ஏழு இடமும் அளந்தாள். நூற்றுப் பதினான்கு. எழுதினாள். ஓரத்தில், 'பலகை நான்கு எடுத்தது. போட்டது என் வீட்டுக்காரர். நான் பார்த்தது திங்கள் மதியம்' என்று எழுதினாள். அறிக்கையில் அவன் எழுதிய வரியையும் காட்டச் சொல்லி வாங்கிப் படித்தாள். 'அளவுகள் தண்ணீர் மட்டத்திலிருந்து சரியாக எடுக்கப்பட்டுள்ளன. தண்ணீர் மட்டம் சரிபார்க்கப்படவில்லை.' இரண்டாவது பாதியைக் காட்டி, "இதுல நீங்களும் சேத்தியா, நான் மட்டுமா?" என்று கேட்டாள். அவன் பேனாவை வாங்கி, 'வடிவமைப்புப் பிரிவாலும்' என்று நடுவில் நுழைத்தான்.

மழை வருமுன்பே தூர்வாரி முடித்தார்கள். அந்த வருடம் இரண்டு கனமழை கொட்டியது. கரை நின்றது.

இப்போது அவள் நான்கு குட்டைக்கும் அளவு எடுக்கிறாள். ஒவ்வொரு கரையிலும் சிமெண்டில் பதித்த இரும்புக்குறி ஒன்று இருக்கிறது. முதலில் அதிலிருந்து தண்ணீருக்கு அளந்து, பிறகுதான் தண்ணீரிலிருந்து வண்டலுக்கு அளக்கிறாள். நோட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. வீட்டுக்காரர் சுரங்கத்தில் இல்லை. ஊருக்குள் சிமெண்ட் கலவை லாரி ஓட்டுகிறார். சாயங்காலம் வந்ததும், இன்றைக்கு எங்கே போனேன், என்ன செய்தேன் என்று அவள் கேட்குமுன்பே சொல்லிவிடுகிறார். அவள் முழுவதும் கேட்டுக்கொள்கிறாள். பிறகு பேன்ட்டை வாங்கி முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுகிறாள்.